திருப்பிக் கொட்டிய மண்

தண்ணீரைக் கனவு காண்கிறவர்கள் இரண்டு வகை என்று என் கணவர் கேலி செய்வார். தூங்கும்போது காண்கிறவர்கள், விழித்திருக்கும்போதே காண்கிறவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி. மன்னார்புரத்தில் ஆபீஸ் முடிந்து டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், எனக்குக் கண் சொருகிவிடும். அந்த ரூட்டில் ஓடும் கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். எடமலைப்பட்டி புதூர் வந்ததும், "அக்கா, ஸ்டாப்பிங் வந்துருச்சு, இறங்குங்க" என்று எழுப்பிவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத் தூக்கத்தில் பல கோடைகளாக எனக்கு ஒரே கனவுதான். எங்கள் வீட்டுக் கிணற்றில் கைக்கு எட்டும் உயரத்தில் தண்ணீர் நிற்கும். நான் குனிந்து அள்ளுவேன். கனவு அதோடு முடிந்துவிடும், நானும் இறங்கி வீட்டுக்கு நடப்பேன்.

வீடு புதூரையும் தாண்டி, ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வரும், வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிக்கொண்டிருக்கும் கடைக்கோடித் தெரு. மனை வாங்கியதும் நாங்கள் முதலில் வெட்டியது கிணறுதான். அந்தத் தண்ணீரில் சிமெண்ட் குழைத்துத்தான் வீடு எழும்பியது. ஜன்னல் சரியில்லை, மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது என்று யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வராது. கிணற்றைச் சொன்னால் வரும். காலையில் காபி டம்ளரோடு அதன் சுற்றுச் சுவரில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். அந்தக் கிணற்றின் மேல் எனக்குப் பைத்தியம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அதுதான் வற்றத் தொடங்கியது. முதலில் வைகாசியில் வற்றியது, பிறகு சித்திரையில், பிறகு மாசியிலேயே. போர் போட்டுப் பார்த்தோம், புழுதிதான் பறந்தது. லாரித் தண்ணீர் சொன்னோம். லாரி தெருமுனையோடு நின்றுவிடும், அங்கிருந்து குடம் குடமாகச் சுமந்தது என் கணவர். சுமந்து சுமந்து அவருடைய இடுப்பு போய்விட்டது. இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் தூக்கினால் அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார், ஓடி வந்து குடத்தைப் பிடிப்பார். ஆக, இருவருக்கும் லாரி ஆகாது.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். கோயில் வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம். அவருடைய தம்பி வீட்டு மாடி அங்கே காலியாகக் கிடக்கிறது. குழாயைத் திறந்தால் காவேரி. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றிக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"இந்த வருஷ மழையப் பாப்போம். கோடை வரைக்கும் கிணறு நின்னா இங்கயே இருக்கலாம். நிக்கலேன்னா வீட்டப் பூட்டிட்டு ஸ்ரீரங்கம் போயிடலாம். என்னால இனிமே முடியாதும்மா."

அவர் என்னை அம்மா என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் சரிங்க என்றேன். அவர் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

கிணறு வற்றியதற்குக் காரணம் ஏரி. ஏரி என்று பெயர்தான், உள்ளே கிரிக்கெட் நடக்கும். ஒவ்வொரு மழைக்கும் மேட்டு மண் கரைந்து வந்து உள்ளே படிந்து படிந்து, தரையே உயர்ந்துவிட்டது. ஒரு நல்ல மழைக்கே ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் போகிற கலிங்கு வழியாக வழிந்து சாக்கடையில் கலக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏரி நிரம்பி வழிகிறது என்று சந்தோஷம், செல்போனில் படம் வேறு எடுப்பார்கள். தட்டில் ஊற்றிய தண்ணீர் வழிவதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். பொங்கலுக்குள் எல்லாம் காய்ந்து, வெடித்து, சீமைக் கருவேலம் முளைத்துவிடும்.

ரயில்வேயில் ரிட்டயரான ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சார். விடிகாலையில் கரையில் நடைப்பயிற்சி போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "நடந்து நடந்து எங்கங்க போறோம்? இறங்கி ஒரு கூடை மண்ணு அள்ளினா ஏரிக்காவது நல்லது" என்று பேசிப் பேசியே ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். தூர் வார அனுமதிக்கு அலையாய் அலைந்தார், வாங்கியும் விட்டார். சித்திரையில் வேலை ஆரம்பித்தது. முதல் சில வாரங்கள் நாங்களே கருவேலத்தை வெட்டினோம், பிளாஸ்டிக் பொறுக்கினோம். பிறகு ஜேசிபி வந்தது.

அந்தக் கோடை எனக்கு இப்போது நினைத்தாலும் பாதி கனவாகத்தான் இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள் ஏரிக்குள் இறங்கிவிடுவோம். மேலே பொடியாக, சாம்பல் நிறத்தில் வண்டல். அதற்குக் கீழே கறுத்து, குளிர்ந்து, கையில் ஒட்டும் களிமண். தோண்டத் தோண்ட ஒரு வாசனை எழும்பும். மழை வருவதற்கு முன்னால் வரும் வாசனை இல்லை, மழை எப்போதோ வந்துவிட்டுப் போன இடத்தின் வாசனை. அதை முகர்ந்தால் எனக்கு நின்றபடியே தூக்கம் வரும். ஒரு நாள் கருவேல நிழலில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது என்னைச் சுற்றி இருந்த மண்ணெல்லாம் போய்விட்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சின்ன மேடாக நின்றது. டிரைவர் எழுப்ப மனசில்லாமல் சுற்றி வெட்டியிருக்கிறார். சார் அதைப் பல நாள் சொல்லிச் சிரித்தார்.

வெட்டிய மண்ணை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். டிராக்டர் தெருத்தெருவாக ஓடியது. பள்ளமாக இருந்த மனைகளை மேடாக்கிக்கொண்டார்கள். மாடித் தோட்டத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டார்கள். நானும் கொல்லை முழுக்கக் கொட்டிக்கொண்டேன். வண்டல் மேலாக, களிமண் அடியில். மல்லிகை, வாழை, ஒரு முருங்கை வைத்தேன். வைத்த வேகத்தில் வாழை குருத்து விட்டதைப் பார்த்து என் கணவர், "இதுவே இப்பிடின்னா ஏரி எப்பிடி இருக்கும்" என்றார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்களுக்குப் பால் ஊற்றுகிற பெண் ஏரிக்கு அந்தப் பக்கத்துக்காரி. மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு கரை மேலேயே வருவாள். மடைக்குக் கீழே அவளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஏரித் தண்ணீர் மடை வழியாகப் போனால்தான் அங்கே நெல். ஏரி மேடான பிறகு நிலம் தரிசாகவே கிடந்தது. அவள் ஒரு நாள் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, சாரிடம் கேட்டாள்.

"வெட்டி முடிச்சா தை வரைக்கும் தண்ணி நிக்குங்களா சார்?"

"நிக்கும்மா. தாராளமா நடு. நான் சொல்றேன்."

"அப்ப நட்டுடவா?"

"நட்டுடு" என்றோம் நாங்கள் எல்லோரும், சாருக்கு முன்னாலேயே.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏரியின் நடுப்பகுதியில் ஜேசிபியின் பல் எதிலோ உரசி, சத்தம் மாறியது. சரளை. பழுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கற்கள். "அடி வந்துருச்சு" என்று சார் கையைத் தூக்கினார். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். எங்களுக்கு அது பாத்திரத்தின் அடி தெரிவதைப் போல இருந்தது. பாத்திரம் தேய்த்துப் பழகிய கண், அடி பளிச்சென்று தெரியாவிட்டால் மனசு ஆறாது. "அந்தப் பக்கம் இன்னும் கறுப்பா இருக்கே சார்" என்றாள் ஒருத்தி. "இங்கயும் கொஞ்சம் ஒட்டியிருக்கு" என்றேன் நான். டிரைவர் சிரித்துக்கொண்டே சுரண்டினார். நடு ஏரியில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் அளவுக்குச் சரளை மின்னியது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அதன் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். ஏரியைப் புதிதாக ஈயம் பூசி வைத்துவிட்டோம் என்று என் கணவர் பாத்திரக் கடைப் பேச்சில் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஏரி நிறைந்தது, நிறைந்தும் கலிங்கு வழியவில்லை. அவ்வளவு ஆழம். கரை முழுக்கக் கூட்டம். எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் குடையோடு போய் நின்றேன். தண்ணீரில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில், கரை நகர்கிறதா தண்ணீர் நகர்கிறதா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

பிறகு கிணறு. மழை விட்ட மறுநாள் காலை காபியோடு போய் எட்டிப் பார்த்தேன். அடியில் மட்டும் கறுப்பாகக் கிடந்த தண்ணீர் ஒரு சிமெண்ட் உறையின் உயரத்துக்கு ஏறியிருந்தது. மறுநாள் இன்னொரு உறை. வாளிக் கயிறு மிஞ்சிப் போய், சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு இறைத்தேன். இறைத்த தண்ணீரை வேண்டுமென்றே கீழே ஊற்றினேன், அது வழிந்து மல்லிகைக்கு ஓடுவதைப் பார்ப்பதற்காக. அந்த நாட்களில் நான் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று ஆபீஸில் சொன்னார்கள். என் கணவர் தம்பிக்குப் போன் போட்டு, "மாடிய யாருக்காவது வாடகைக்கு விட்டுக்கடா, நாங்க வர்றதாத் தெரியல" என்றார். பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

ஆனால் ஏரி இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் பெரிதாக இல்லை, மடையும் திறக்கவில்லை. இருந்தும் காலைக்குக் காலை கரைக் கற்களில் ஈரக்கோடு கீழே போனது. நடைக்கு வருகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒரு காலை வாளியை மேலே இழுத்தபோது அந்த வாசனை வந்தது, கோடையில் ஏரிக்குள் நின்றபடியே என்னைத் தூங்கவைத்த அதே வாசனை. தண்ணீரும் லேசாகக் கலங்கியிருந்தது. ஏரியில் குறைவது என் கிணற்றில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் சுரண்டிப் பளபளப்பாக்கிய அந்தச் சரளை வழியாக.

கணவரைக் கூப்பிட்டு வாளியை முகரச் சொன்னேன். முகர்ந்துவிட்டு வாளியைச் சுவர் மேல் வைத்தார்.

"நல்லதாப் போச்சுன்னு வச்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பால்காரப் பெண் வரும் வரைக்கும்.

அவள் பாலை அளந்து ஊற்றிவிட்டுக் கிளம்பாமல் நின்றாள். "நடவு முடிச்சுட்டேன்க்கா. பயிரு பச்சப் புடிச்சிருக்கு" என்றாள். "ஏரியப் பாத்தீங்களா? இப்பிடிப் போனா மடைக்கு எட்டாதுக்கா." நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பால் சொம்பை மூடினேன். அவள் என் கிணற்றை எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு நல்லா ஊறியிருக்கே" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தச் சந்தோஷம் நிஜமானது. எனக்கு அன்றைக்குக் காபி இறங்கவில்லை.

சார் அந்த வாரமே கரையில் எல்லோரையும் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"தப்பு நம்மளோடதுங்க. களிமண்ணு அழுக்கில்ல. அதுதான் ஏரிக்கு அடி. அத நாம வழிச்சு எடுத்துட்டோம், நானும் சேர்ந்துதான். இப்ப அடுத்த மழைக்குள்ள அந்த எடத்துல திரும்பக் களிமண்ணு போட்டு மிதிச்சு அடைக்கணும். வெளியில இருந்து வாங்க முடியாது, அனுமதி கிடைக்காது. நம்ம மண்ணு நம்ம வீடுகள்லதான் இருக்கு."

கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "எதுக்கு சார் அடைக்கணும்? எல்லாக் கிணத்துலயும் தண்ணி வந்துருக்கே. எங்க வீட்ல பத்து வருஷத்துக்கு அப்புறம் மோட்டார் போட்டோம்."

நான் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார். சுற்றிலும் தலைகள் ஆடின. என் தலையும்தான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷத்துக்கு உங்க கிணத்துக்கு இதுதான் நல்லது. அடைச்சுட்டா தண்ணி மெதுவாத்தான் கீழ எறங்கும். கிணத்துக்கு ஒழுங்கா வந்து சேர வருஷங்கள் ஆகலாம். ஆனா ஏரி ஏரியா நிக்கும். மடைக்குக் கீழ நட்டவங்க இருக்காங்க."

மொபெட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் சங்கடப்பட்டாள். "நீங்க நடச் சொன்னீங்க, நட்டேன்" என்றாள். கோபமாக இல்லை, அழவும் இல்லை. பால் திரிந்துவிடும் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் எதுவும் முடிவு செய்யாமல் கூட்டம் கலைந்தது.

மறுநாள் கொழுந்தனார் வீட்டில் ஒரு விசேஷம். ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினோம். வழக்கம்போலத் தூங்கியிருப்பேன், ஆனால் காவேரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தேன். நடுவில் புதிதாக ஒரு மணல் திட்டு. போன தடவை வந்தபோது அது இல்லை. அதன் மேல் அதற்குள் நாணல் முளைத்து, ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. அக்கரையில் கோபுரம் மூட்டத்தில் மங்கலாக நின்றது. இத்தனை வருஷம் போய்வந்த ஊர், அன்றைக்குத்தான் தோன்றியது, இந்தத் தீவே ஆறு சுமந்து வந்து இறக்கி வைத்த மண்தானே என்று. கோயில், வீதிகள், இவர் வீட்டுப் பழைய பாத்திரக் கடை, இன்னும் வாடகைக்குப் போகாமல் காத்திருக்கும் மாடி, எல்லாம் படிந்த மண் மேல்தான் இருக்கின்றன. ஆறு மண்ணை வைத்தது, மண் தண்ணீரை வைத்துக்கொண்டது. நாங்கள் மட்டும் அதை அழுக்கு என்று சுரண்டிவிட்டோம்.

விசேஷ வீட்டில் கொழுந்தனார் மாடியைத் திறந்து காட்டினார். காற்று நன்றாக வந்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று எல்லா அறையிலும் தேடினேன் என்பதுதான் நிஜம்.

அடுத்த நாள் ஆபீஸுக்குப் போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக் கொல்லையில் இறங்கினேன். முதலில் வாழையைச் சாய்த்தேன். சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதான் செய்யிறியா?"

"தெரிஞ்சுதாங்க."

"அப்பறம் கோடையில என்னச் சொல்லக் கூடாது. பேசினது பேசினதுதான். என் இடுப்பு தாங்காது."

"சொல்ல மாட்டேங்க."

அவர் உள்ளே போய் ஒரு கட்டு காலி சிமெண்ட் சாக்குகளை எடுத்துவந்து போட்டார். தூக்கத்தான் கூடாது, வாயைப் பிடிக்கலாம் என்று சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சாக்கின் வாயையும் விரித்துப் பிடித்தார். நான் அள்ளிப் போட்டேன். மல்லிகை வேர் களிமண்ணோடு சேர்ந்தே வந்தது. வேரைப் பிரித்து எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. மண் ஈரமாக, கறுப்பாக, நன்றாக இருந்தது. அள்ளும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே அள்ளினேன். அவர் பார்க்காத மாதிரி சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் போனது எங்கள் வீட்டுச் சாக்குகளா, வேறு யாருடையதாவதா தெரியாது. சார் ஆட்டோவில் மைக் கட்டி விட்டிருந்தார். "ஏரி மண்ணு எடுத்தவங்க தயவுசெஞ்சு திருப்பிக் குடுங்க, களிமண்ணா இருந்தா நல்லது" என்று அது தெருத்தெருவாகக் கெஞ்சிக்கொண்டு போனது. திருடு போனதைக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று சிலருக்குக் கோபம். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போர்ட்டிகோவுக்கு அடியில் போனது போனதுதான், அதை யார் திருப்ப முடியும். ஆனாலும் மண் வந்தது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வந்தது, பிளாஸ்டிக் பக்கெட்டில் வந்தது, ஷேர் ஆட்டோவில் வந்தது. மாடித் தோட்டத்துப் பெண்மணி ஒருவர் ரோஜாச் செடியைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியை மட்டும் மடியில் வைத்து எடுத்துவந்தார். மோட்டார் போட்டேன் என்று சொன்னவரும் கடைசியில் ஒரு டிராக்டர் அனுப்பினார், தான் மட்டும் வரவில்லை.

அதற்குள் ஏரி அடியோடு இறங்கி, நடுவிலிருந்த சரளை வெளியே தெரிந்தது. அதன் மேல் கொட்டியதை மிதிக்க வேண்டும். பால்காரப் பெண் தன் எருமைகளை ஓட்டிவந்தாள். அவை அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு இறங்க மாட்டேன் என்று கரையிலேயே நின்றுவிட்டன. "மாட்டுக்குத் தெரியுது, நமக்குத்தான் தெரியல" என்று சொல்லி எங்கள் தெருப் பெண்கள் சேலையை உயர்த்திக்கொண்டு இறங்கினோம். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, வட்டமாகச் சுற்றி நடந்து மிதித்தோம். முதலில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பிறகு பேச்சு அடங்கி, கால் சேற்றிலிருந்து விடுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேகம் தாழ்ந்திருந்தது. தூறலா பனியா என்று தெரியாத ஒன்று முகத்தில் படிந்தது. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, எங்கே தொடங்கினோம் என்பது மறந்து போய், சுற்றிச் சுற்றி வந்தோம். நடக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று என் கணவரும் இறங்கிவிட்டார். வழுக்கிவிடாமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முன்னால் பால்காரப் பெண் போய்க்கொண்டிருந்தாள். அவள் கால் பட்ட இடத்தில் நான் கால் வைத்தேன். களிமண் குளிர்ச்சியாகக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் எனக்கு வீடும் இல்லை, கிணறும் இல்லை, வருத்தமும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கார்த்திகை மழை இரண்டு முறை நன்றாகப் பெய்தது. ஏரி நிறைந்தது. ஈரக்கோடு கல்லிலேயே நின்றது, அசையவில்லை. சார் தினமும் காலையில் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். மடை திறந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் கீழே பயிர் முழங்கால் உயரம் நின்றது. பால்காரப் பெண் என் கிணற்றை இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. கொல்லையில் வாழை இருந்த இடம் பள்ளமாக இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பாலை அளவுக்கு மேல் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, நான் ஏதாவது சொல்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவாள்.

கிணறு ஒவ்வொரு உறையாக இறங்கியது. நான் அதற்குக் குறுக்கே ஒன்றும் செய்யவில்லை. இறைப்பதைக் குறைத்தேன், அவ்வளவுதான். தை பிறந்தது. என் கணவர் ஸ்ரீரங்கம் பேச்சையே எடுக்கவில்லை. தம்பி போன் செய்தால் வெளியே போய்ப் பேசினார். மாசியில் ஒரு காலை வாளியை விட்டேன். தரையில் உட்கார்ந்தது. கயிற்றை அசைத்தேன், சேறு வந்தது. நான் அதைக் கழுவாமல் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் வாளியைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, ஏரி வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார்.

கரையில் யாரும் இல்லை. வெயில் இன்னும் ஏறவில்லை. மடைக்குக் கீழே நெல் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது, அறுப்புக்கு ஆள் சொல்லியிருப்பதாகப் பால்காரப் பெண் முந்தின நாள் சொல்லியிருந்தாள். ஏரி கரைக்குக் கரை நின்றது. அலையே இல்லாத தண்ணீர். கொக்கு ஒன்று பறந்து போனது, தண்ணீருக்குள்ளும் ஒன்று பறந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஸ்ரீரங்கம் போகணுமேன்னு அழறியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "நெறஞ்சிருக்குல்ல."

அவர் என் பக்கத்தில் நின்று, தானும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து, முதலில் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தோம்.